அனிமார்ஃப்ஸ் தொடரை வரிசை கெடாமல் படித்து முடிக்க ஒரு வழிகாட்டி

நியூ ஜெர்சிக்கு நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், என் மகன் பள்ளியிலிருந்து முனை மடங்கிய ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்தான். அட்டையில் ஒரு பையன் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லியாக மாறிக்கொண்டிருந்தான். அது அனிமார்ஃப்ஸ் தொடரின் முதல் புத்தகம். இரண்டு நாளில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகப் பதினொரு மாதம் அலைந்தேன். ஒரே புத்தகத்தை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கினேன். வேறொரு புத்தகத்தை வரிசை தப்பிப் படித்து, தொடரின் மிகப் பெரிய ரகசியம் ஒன்றை நானே கெடுத்துக்கொண்டேன். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு நாலே வரி. இரவில், பாதி கட்டிய கட்டடங்களுக்கு நடுவே வீடு திரும்பும் ஐந்து பிள்ளைகள், உயிர் பிரியும் நிலையில் இருக்கும் ஒரு வேற்றுக்கோள்வாசியைச் சந்திக்கிறார்கள். யீர்க் என்ற நத்தை போன்ற ஒட்டுண்ணிகள் மனிதர்களின் காது வழியாகப் புகுந்து மூளையைச் சுற்றிக்கொண்டு பூமியை ஓசையில்லாமல் பிடித்துவருவதாக அவன் சொல்கிறான். தொட்ட விலங்காக மாறும் ஆற்றலைக் கொடுத்துவிட்டுச் சாகிறான். ஒரு மாற்றத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் திரும்பவே முடியாது. யாருக்குள் யீர்க் இருக்கிறது என்று வெளியே தெரியாது. பிள்ளைகளில் ஒருவனின் அண்ணனுக்குள்ளேயே இருக்கிறது.

1. முதலில் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தொடரை எழுதியவர் கே. ஏ. ஆப்பிள்கேட். வெளியிட்டது ஸ்கொலாஸ்டிக். 1996 ஜூனில் தொடங்கி 2001 மே மாதம் முடிந்தது. முதன்மை வரிசையில் 54 புத்தகங்கள். அவற்றுக்கு வெளியே மெகாமார்ஃப்ஸ் என்ற தடித்த புத்தகங்கள் 4, கிரானிக்கிள்ஸ் என்று அழைக்கப்படும் முன்கதைகள் 4, ஆல்டர்னமார்ஃப்ஸ் என்று 2. ஆக மொத்தம் 64.

இதில் ஆல்டர்னமார்ஃப்ஸ் இரண்டையும் விட்டுவிடலாம். ‘இதைச் செய்தால் இந்தப் பக்கத்துக்குப் போ’ என்ற விளையாட்டு வகை அது. கதைக்கு ஒன்றும் கூட்டுவதில்லை. நீங்கள் தேட வேண்டியது 62.

பொறி இங்கேதான் இருக்கிறது. பழைய புத்தகம் விற்பவர்கள் ‘முழுத் தொகுப்பு’ என்று போட்டால், பெரும்பாலும் 1 முதல் 54 வரைதான் இருக்கும். பக்கவாட்டு எட்டும் இருக்காது. அந்த எட்டில் குறைந்தது மூன்று இல்லாமல் முதன்மைக் கதையே சரியாகப் புரியாது. பணம் கட்டுவதற்கு முன் எண்ணிக் கேளுங்கள்.

2. எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்

ஒரே தலைப்பில் மூன்று வகைப் பொருள் சந்தையில் இருக்கிறது.

முதலாவது 1996–2001 மூலப் பதிப்பு. முன்னட்டையில் சின்னதாக ஒரு ஓட்டை வெட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் வண்ணப் படம் அதன் வழியாகத் தெரியும். பக்கங்களின் மூலையில் குட்டிப் படங்கள். கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினால் மனித உருவம் விலங்காக மாறுவது ஓடும். எங்களுக்கு வந்த ஒரு பிரதியில் அந்த மூலைகள் மட்டும் விரல் பட்டுப் பழுத்துக் கறுத்திருந்தன. எழுத்துப் பகுதி புத்தம்புதிதாக இருந்தது. முதல் சொந்தக்காரன் அதைப் படித்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது 2011இல் தொடங்கிய மறுபதிப்பு. சாய்த்துப் பார்த்தால் படம் மாறும் பளபளப்பு அட்டை. பழைய காலத்துக் குறிப்புகள் சிலவற்றை மாற்றியிருப்பார்கள். இது முதல் 8 புத்தகங்களோடு நின்றுபோனது. நான் இந்தப் பதிப்பில் எட்டும் வாங்கிவிட்டு, ஒன்பதாவது எப்போது வரும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். படிக்க இதுவும் நல்லதுதான். எட்டுக்கு மேல் பழைய பதிப்புக்குத்தான் போகவேண்டும்.

மூன்றாவது கிறிஸ் கிரைன் வரைந்த படக்கதைகள், 2020 முதல் வருகின்றன. தலைப்பு அதேதான். ‘தி இன்வேஷன்’ என்று தேடினால் படக்கதையும் நாவலும் கலந்தே வரும். வாங்கும்போது பக்கத்தில் ‘கிராஃபிக் நாவல்’ என்று எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். படக்கதைகள் மோசமில்லை, வாசிப்பில் தயங்கும் பிள்ளைக்கு நல்ல தொடக்கம். ஆனால் தொடரின் தொடக்கத்தைத் தாண்டி அவை போகவில்லை.

3. நூலக அட்டை

ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அமெரிக்காவில் உங்கள் ஊர்ப் பொது நூலகம் ஊரில் வசிப்பவருக்கு அட்டையை இலவசமாகத் தரும். கேட்பது இரண்டே ஆவணங்கள்: படம் உள்ள அடையாளச் சான்று, முகவரிச் சான்று.

புதிதாக வந்தவர்களுக்குச் சிக்கல் இரண்டாவதில்தான். எனக்கு அப்போது டிரைவிங் லைசென்ஸ் இல்லை. பாஸ்போர்ட்டை நீட்டினேன், அதில் சென்னை முகவரி. வாடகை ஒப்பந்தத்தை நீட்டினேன்; அதில் கணவர் பெயர் மட்டும். மின்சார ரசீதும் அவர் பெயரில். மூன்றாவது முறை போனபோதுதான் வேலை முடிந்தது: வங்கியில் என் பெயரையும் கணக்கில் சேர்த்து, அந்த வங்கி வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்பிய கணக்கு அறிக்கையைக் கொண்டுபோனேன். சார்பு விசாவில் வந்திருப்பவர்கள் வந்த வாரமே ஏதாவது ஒரு கடிதம் தங்கள் பெயருக்கு வீட்டு முகவரியில் வரும்படி செய்துவிடுவது நல்லது. நூலகத்துக்கு மட்டுமல்ல, வேறு எதற்கும் உதவும்.

பிள்ளைக்குத் தனி அட்டை எடுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போதும். தனி அட்டை இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு முன்பதிவு செய்யலாம். விதிகள் ஊருக்கு ஊர் மாறும்; போவதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

4. வெளியூர் நூலகங்களிலிருந்து இரவல்

உங்கள் ஊர் நூலக அடுக்கில் முழு வரிசையும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இருபத்தைந்து ஆண்டுப் பழைய மலிவுத் தாள் அட்டைப் புத்தகங்கள்; முதுகில் பசை காய்ந்து பக்கம் உதிர ஆரம்பித்ததும் நூலகங்கள் கழித்துவிடுகின்றன. எங்கள் கிளையில் இருந்தவை ஒன்பது. அதில் ஏழாவது புத்தகம் மட்டும் மூன்று பிரதி.

மற்றவற்றுக்கு, வேறு ஊர் நூலகங்களிலிருந்து தருவித்துக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. முகப்பு மேசையில் கேட்டால் செய்து தருவார்கள். எங்களுக்கு அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வர நாலைந்து நாள். மாநிலத்துக்கு வெளியிலிருந்து என்றால் மூன்று வாரம்கூட ஆனது. அதனால் படிக்கும் புத்தகத்திலிருந்து ஐந்தாறு எண் முன்னால் போய்ப் பதிவு செய்துகொண்டே இருங்கள். பதினைந்தாவதைப் படிக்கும்போது இருபதாவது வண்டியில் இருக்கவேண்டும்.

தலைப்பை வைத்துத் தேடாதீர்கள். ‘தி சீக்ரெட்’, ‘தி சேஞ்ச்’, ‘தி டெஸ்ட்’ என்று எல்லாமே ஒற்றைச் சொல் தலைப்புகள். வேறு நூறு புத்தகம் வந்து நிற்கும். ஆசிரியர் பெயரும் வரிசை எண்ணும் கொடுங்கள்.

5. எதை வாங்குவது, எவ்வளவுக்கு

நூலகத்தில் கிடைப்பதை வாங்காதீர்கள். வாங்கவேண்டிய கட்டாயம் பொதுவாகக் கடைசிப் பத்துக்கும் கிரானிக்கிள்ஸுக்கும்தான் வரும். தொடக்கப் புத்தகங்கள் எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. தொடர் முடியப்போகும் காலத்தில் வந்தவை அரிது, அதனால் விலையும் ஏறுமுகம்.

என் கணக்கைச் சொல்கிறேன். முப்பத்தொரு புத்தகம் அடங்கிய ஒரு கலவைப் பெட்டிக்கு 58 டாலர் கொடுத்தேன். அதில் எட்டு ஏற்கெனவே வைத்திருந்தவை. பிறகு 45க்கு மேற்பட்டவற்றைத் தனித்தனியாக வாங்கியபோது ஒவ்வொன்றும் 14 முதல் 22 டாலர்வரை ஆனது. முதலில் வந்தபோது இவற்றின் அட்டை விலை ஐந்து டாலரைத் தொடவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரியும்; நினைக்காதீர்கள்.

அஞ்சலுக்கு ‘மீடியா மெயில்’ என்று கேளுங்கள். அமெரிக்க அஞ்சல் துறை புத்தகங்களுக்கென்று வைத்திருக்கும் மலிவு வகை. எடைக்கு ஏற்ப வாங்குவார்கள். அந்த முப்பத்தொரு புத்தகமும் பத்து டாலருக்குள் வந்து சேர்ந்தன. நேரம் ஒரு வாரம், சில சமயம் பத்து நாள். ஒரு நிபந்தனை உண்டு: பெட்டிக்குள் புத்தகம் போன்ற அனுமதிக்கப்பட்டவை மட்டுமே இருக்கவேண்டும். அஞ்சல் துறை பிரித்துப் பார்க்கலாம். விற்பவர் அன்பாக ஒரு அனிமார்ஃப்ஸ் பொம்மையைச் சேர்த்துத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அகப்பட்டால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

பணம் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு படம் கேளுங்கள்: எல்லாப் புத்தகங்களின் முதுகும் எண்ணோடு தெரியும்படி. அட்டைப் படம் பயன்படாது. என் இரட்டை வாங்கல் அத்தனையும் அட்டைப் படத்தை நம்பி நடந்தவை.

6. பெட்டி வந்ததும்

வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வராந்தாவில் பிரியுங்கள். இவை பல காலம் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் கிடந்தவை. ஈர வாடை அடித்தால் இரண்டு நாள் வெயிலில் நிறுத்திவையுங்கள். புத்தகத்தை முழுதாக விரித்து மடக்காதீர்கள், முதுகு உடைந்துவிடும்.

7. படிக்கும் வரிசை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவதென்றால், இதை ஒட்டுங்கள்.

1 முதல் 7 வரை நேராகப் போங்கள். ஏழுக்குப் பிறகு மெகாமார்ஃப்ஸ் முதல் புத்தகம். பிறகு 8 முதல் 13. அதன்பின் ‘தி ஆண்டலைட் கிரானிக்கிள்ஸ்’. இது முதல் புத்தகத்தில் இறந்துபோகிற எல்ஃபாங்கரின் முன்கதை. இதை 23ஆம் புத்தகத்துக்கு முன்னால் கட்டாயம் படித்திருக்கவேண்டும். 23ஐ முதலில் படித்தவள் நான். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வருகிற ஒரு செய்தி, முன்கதையைப் படித்தவருக்கு நெஞ்சில் இறங்கும். எனக்கோ வெறும் தகவலாகப் போய்விட்டது. பிறகு முன்கதையைப் படித்தபோது அதன் திருப்பமும் தெரிந்த கதையாகிவிட்டது. ஒரே தவறில் இரண்டு நஷ்டம்.

14 முதல் 18 வரை படித்துவிட்டு மெகாமார்ஃப்ஸ் இரண்டாம் புத்தகம், டைனோசர் காலத்துக்குப் போகிற கதை. 19ஐ அடுத்து 20, 21, 22 மூன்றும் ஒரே கதையின் மூன்று துண்டுகள். மூன்றும் கையில் இருந்தால் மட்டும் 20ஐத் திறங்கள். எங்களுக்கு 22 வர பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளும் வீட்டில் பேச்சு வேறு எதுவுமில்லை.

22க்கும் 23க்கும் நடுவில் ‘தி ஹார்க்-பஜீர் கிரானிக்கிள்ஸ்’. 29க்குப் பிறகு மெகாமார்ஃப்ஸ் மூன்றாம் புத்தகம். 35க்குப் பிறகு ‘விஸ்ஸர்’. இதுவும் முன்கதைதான், எதிரியின் வாயால் சொல்லப்படுவது. நல்லவர்கள் யார் என்று உறுதியாக நம்பியிருக்கும் பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். 40க்குப் பிறகு மெகாமார்ஃப்ஸ் நான்காம் புத்தகம், 47க்குப் பிறகு ‘தி எலிமிஸ்ட் கிரானிக்கிள்ஸ்’.

படிக்கும்போது குழப்பும் இரண்டு விஷயங்கள். ஒன்று, கதைசொல்லி புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவார்: ஜேக், ரேச்சல், டோபையஸ், கஸ்ஸி, மார்க்கோ என்று. டோபையஸும் வேற்றுக்கோளைச் சேர்ந்த ஆக்ஸும் மாறி மாறி ஓர் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முதல் பக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிட்டு, குடும்பப் பெயரைச் சொல்ல மறுப்பார்கள். இரண்டு, விலங்காக இருக்கும்போது மனதால் பேசுவதை மேற்கோள் குறிக்குப் பதில் கோண அடைப்புக்குள் அச்சிட்டிருப்பார்கள். அச்சுப் பிழை என்று நினைத்து நான் பென்சிலால் திருத்திக்கூட வைத்தேன்.

8. நடுவில் தொய்யும் இடம்

25க்குப் பிறகு நடை மாறுவதை உணர்வீர்கள். உங்கள் கற்பனை அல்ல. மாதம் ஒன்று என்ற வேகத்துக்கு ஈடுகொடுக்க, 25 முதல் 52 வரை பெரும்பாலானவற்றை ஆப்பிள்கேட் கதைச்சுருக்கம் கொடுத்து வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். புத்தகத்தின் தொடக்கத்தில் ‘கைப்பிரதி தயாரிப்பில் உதவிய இன்னாருக்கு நன்றி’ என்று ஒரு வரி இருந்தால், எழுதியவர் அந்த இன்னார். 26, 32, கடைசி இரண்டு ஆகியவை அவரே எழுதியவை. தொடர் முழுக்கவே கணவர் மைக்கேல் கிராண்டோடு சேர்ந்து உருவாக்கியதுதான்.

பிள்ளை சலித்துக்கொண்டால் 36, 39, 42, 44 நான்கையும் தாண்டலாம். என் மகன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்; 44இல் கஸ்ஸி ஆஸ்திரேலியாவில் போய் விழுவது அவனுக்குப் பிடிக்கும். ஆனால் 26, 29, 30, 31, 33, 35, 38, 43 ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. 45இலிருந்து ஒன்றையும் விடக்கூடாது, இடம் மாற்றவும் கூடாது. போர் வெளிப்படையாகிவிடுகிறது, ஒவ்வொன்றும் முந்தியதன் தோளில் நிற்கிறது.

9. எந்த வயதில் கொடுப்பது

அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பளிச்சென்ற நிறம், மாறிக்கொண்டிருக்கும் பையன், எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றது போலத் தெரியும். உள்ளே இருப்பது போர். எலும்பு நெகிழ்ந்து மாறுவதை வரி விடாமல் விவரிக்கிறார்கள். கை கால் போகிறது. பிள்ளைகள் கொல்லக் கற்றுக்கொள்கிறார்கள், பிறகு அதைப் பற்றித் தூக்கமின்றி யோசிக்கிறார்கள். ஐந்தாவது புத்தகத்தில் எறும்பாக மாறும் அத்தியாயத்தை நான் பெரியவளாக இருந்தும் ஒரே மூச்சில் படிக்கவில்லை.

ஆறாவதுதான் உரைகல். ஜேக்கின் தலைக்குள்ளேயே ஒரு யீர்க் புகுந்துவிடுகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை கேண்ட்ரோனா கதிர் கிடைக்காவிட்டால் யீர்க் பட்டினியால் சாகும். எனவே நண்பர்கள் அவனைக் காட்டுக் குடிசையில் மூன்று நாள் காவல் வைக்கிறார்கள்; அவன் வீட்டில் அவன் உருவெடுத்து ஆக்ஸ் போய் அமர்கிறான். தன் வாய் பேசுவதைத் தானே தடுக்க முடியாமல் ஒருவன் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். என் மகன் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, படித்த நேரம் முழுக்க இடது காது மடலைப் பிடித்தபடி இருந்தான். அன்றிரவு இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. பத்துக்குக் கீழே என்றால் நீங்கள் முதலில் ஆறாவதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேரக் கணக்கு: ஒவ்வொன்றும் சுமார் 150 பக்கம், ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று மாலை. வாரம் மூன்று என்று வைத்தால் 62க்கும் ஐந்து மாதம். எங்களுக்குக் கூடுதலாக ஆறு மாதம் ஆனதற்குக் காரணம் படிப்பு அல்ல, தேடல்.

10. கடைசிப் புத்தகம்

54ஐ வெள்ளிக்கிழமை மாலை கொடுங்கள். ஞாயிறு இரவு கொடுத்தால் திங்கள் பள்ளி இருக்காது. 2001இல் இதன் முடிவைப் பார்த்து வாசகர்கள் கொதித்து எழுதியபோது, போர் முடிந்ததும் எல்லாரும் சுகமாக வீடு திரும்புவது பொய் என்ற கருத்தில் ஆப்பிள்கேட் ஒரு திறந்த மடலே எழுதவேண்டி வந்தது. அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கேட்கும்போது கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சிறு எச்சரிக்கை. கடைசிப் பக்கத்தில் கதை திடுமென்று நின்றுவிடும். எங்கள் பிரதியில் பக்கம் கிழிந்துபோயிருக்கிறது என்று மகன் அழுகையோடு வந்தான். நானும் பசை ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, 22 டாலர் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று விற்றவருக்குச் சற்றுக் காரமாகவே எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. தன்னிடம் இருந்த இன்னொரு பிரதியின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதே வரியில்தான் அதுவும் நின்றிருந்தது.